‘அப்பாவி’யை வட்டமிட்ட டீச்சர்

அறிக்கை எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு ரகசியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவர்கள் சொன்னதாகப் பத்திரிகையில் வருவதில் பாதி நாம் எழுதியது. மக்கள் அதை முழுதாகப் படிப்பதில்லை என்பதால்தான் நாம் பலமுறை பிழைத்திருக்கிறோம்.

நான் டைப்பிஸ்டாக உள்ளே வந்து, அடுத்தடுத்து மூன்று தலைவர்களுக்கு அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவள். என் கம்ப்யூட்டரில் ‘கண்டனம்’, ‘இரங்கல்’, ‘வாழ்த்து’ என்று மூன்று கோப்புகள் இருந்தன. சமயத்துக்கு ஏற்றதைத் திறந்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவேன். ஒருமுறை புயல் அடித்தபோது அவசரத்தில் ‘இரங்க’லுக்குப் பதில் ‘கண்டன’த்தைத் திறந்துவிட்டேன். “கடலோர மக்கள் மீது புயல் நடத்திய கோழைத்தனமான தாக்குதலை வன்மையாகக் கண்டிக்கிறேன். இதன் பின்னணியில் இருப்பவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும்” என்று அறிக்கை போய்விட்டது. மறுநாள் தலைவர் என்னைக் கூப்பிட்டு, புயலைப் பிடித்துவிட்டார்களா என்று விசாரித்தார்.

இப்படிப்பட்ட ஒருத்தி உங்களுக்குப் பாடம் சொல்ல வருவது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நான் செய்த தப்புகளில் ஒன்றையாவது நீங்கள் செய்யாமல் இருக்கலாம் இல்லையா, அதற்காகச் சொல்கிறேன்.

எங்கேயோ ஒரு தீவிரவாதத் தாக்குதல் நடக்கிறது. மறுநாள் இங்கே பஸ்ஸில் தொப்பி போட்டவர் பக்கத்து சீட் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் தலைவர்கள் என்ன செய்வார்கள்? என் முதல் தலைவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். சரியாக இரண்டு நாள் சுடுதண்ணீரும் மௌனமும்தான். டிவிக்காரர்கள் வேறு செய்திக்குப் போனதும் குரல் திரும்பிவிடும். இரண்டாமவர் உடனே பிரியாணி சாப்பிடக் கிளம்புவார். ராயப்பேட்டையில் ஒரு கட்சிக்காரர் வீட்டில் பெரிய தட்டோடு படம் எடுத்துக்கொள்வார். அவருக்கு அல்சர். படம் எடுத்து முடிந்ததும் தட்டு வேறு பக்கம் போகும், அவருக்குத் தயிர்சாதம் வரும்.

மூன்றாமவர் எம்.எல்.ஏ. நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்போம். என்னைவிட நான்கு வயது சின்னவர், இருந்தாலும் அண்ணன். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவர். மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் எங்கள் அலுவலகம். நான் சொல்லப்போவது அங்கே நடந்தது.

அன்றைக்கு வடக்கே ஒரு ஊரில் கடைத்தெருவில் குண்டு வெடித்தது. டிவியில் ஒரு அம்மா ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து நானும் அழுதேன். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘கண்டனம்’ கோப்பைத் திறந்தேன். கடைசி வரி என் சொந்தச் சரக்கு. பல வருடமாக அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு: “இச்செயலுக்கும் அப்பாவி இஸ்லாமியச் சகோதரர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அனைவரும் உணர வேண்டும்.” அண்ணன் போனிலேயே தலையாட்டிவிட்டார். மறுநாள் காலைப் பேப்பரில் நான்கு வரி வந்தது, அதில் என் வரியும் இருந்தது.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு பெண் மாடியேறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் புடவை, தோளில் பை. பெயர் நஸ்ரீன். அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் அலுவலகத்துக்கு நான்கு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில், அம்மாவோடு வாடகைக்கு இருந்தார். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி வாக்கர் வைத்து நடக்கிறார்.

நடந்தது இதுதான். குண்டு வெடித்த அன்று மத்தியானம், இரண்டு தாடிக்காரர்கள் அவர் வீட்டுக்குப் பதினோரு அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கீழ்வீட்டில் யாரோ ஜன்னல் வழியாகப் படம் பிடித்துக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பதினோரு பெட்டி முப்பது பெட்டியாகிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் கதவிலேயே ஒரு நோட்டீஸ். ‘குடியிருப்போர் அனைவரின் பாதுகாப்பையும் கருதி, இந்த வீட்டு வாடகைதாரர் மூன்று நாட்களுக்குள் காவல் நிலையச் சரிபார்ப்புச் சான்று தர வேண்டும். தவறினால் உரிமையாளர் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்.’ கோயம்புத்தூரில் இருக்கும் வீட்டுக்காரரும் போன் செய்து, நீங்கள் நல்லவர்தான், ஆனால் எனக்குத் தலைவலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பெட்டிகளில் இருந்தது எவர்சில்வர் டப்பாக்கள். சித்தி மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, தி.நகர் ரங்கநாதன் தெருவில் வாங்கியவை. தூக்கிவந்த இருவரும் கடையின் ஆட்கள். அதில் ஒருவர் பழனிக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்தவராம்.

எனக்கு மனம் இளகிவிட்டது. அப்படி இளகும்போதுதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி, அவர் உட்கார்ந்திருக்கும்போதே லெட்டர்ஹெட்டை எடுத்து, ‘இவர் நற்குணம் உடையவர், தேசப்பற்று மிக்கவர்’ என்று ஒரு சிபாரிசுக் கடிதம் தட்டினேன். அதோடு நிற்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை லஸ் முனையில் ஒரு நல்லிணக்க மனிதச் சங்கிலி ஏற்பாடு செய்வதாக இருந்தேன். நீங்கள் முன்வரிசையில் நின்றால் நன்றாக இருக்கும் என்றேன். அவர் புடவையைப் பார்த்துவிட்டு, முடிந்தால் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வாருங்கள், படத்தில் தெரிய வேண்டும் அல்லவா என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. முக்காட்டோடு பார்த்தால் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியாது என்று சிரித்தார். பிறகு மேஜையில் கிடந்த எங்கள் அறிக்கையை எடுத்துப் படித்தார். படித்துவிட்டுப் பையைத் துழாவிச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“தப்பா நினைக்காதீங்க மேடம், பழக்கதோஷம்” என்று சொல்லி என் கடைசி வரியில் ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டார். அந்த வார்த்தை ‘அப்பாவி’.

உங்களுக்கு ஆதரவாகத்தானே எழுதினேன் என்றேன்.

“செத்துப்போனவங்களை அப்பாவி மக்கள்னு எழுதியிருக்கீங்க, அது சரி. எங்களை எதுக்கு? சந்தேகம் இருக்கற இடத்துலதானே அந்த வார்த்தை வரும்? அப்பாவி மயிலாப்பூர்க்காரர்கள்னு எழுதுவீங்களா?”

நான் அறிக்கையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“எங்க கதவுல ஒட்டின நோட்டீஸும் மரியாதையாத்தான் இருக்கு. உங்க அறிக்கையும் மரியாதையாத்தான் இருக்கு” என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. உதவி கேட்டு வந்தவர் தமிழ்ப் பரீட்சை வைக்கிறாரே என்று. அதுவும் கணக்கு டீச்சர். சிபாரிசுக் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தொடவே இல்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணன் தி.நகரில் ஒரு கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு, நெற்றியில் சந்தனத்தோடு மாடியேறி வந்தார். நான் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கட்சியின் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எப்படியோ அவர்களுக்கும் செய்தி போயிருந்தது. அடுக்குமாடி விவகாரத்தில் தலையிடாதே, அந்தத் தெருவே நமக்கு இப்போதுதான் திரும்பியிருக்கிறது, இரண்டு நாள் சும்மா இரு என்றார்கள். அண்ணன் “சரிங்க, சரிங்க” என்று எட்டு தடவை சொன்னார். போனை வைத்துவிட்டு மேஜைமேல் இருந்த அறிக்கையைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, செவப்புல வட்டம் போட்டுக்கீது? ஃபெயிலா?”

நான் வாய் திறப்பதற்குள் நஸ்ரீனே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது. பிறகு, சிபாரிசு லெட்டர் வேண்டாமா என்று கேட்டார்.

“வேண்டாம் சார். நான் நல்லவள்னு நீங்க எழுதிக் குடுத்தா, அப்புறம் ஒவ்வொரு தடவையும் யாராவது எழுதிக் குடுத்துக்கிட்டே இருக்கணும்.”

அண்ணன் அந்தக் கடிதத்தை எடுத்து நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நஸ்ரீன் கதவிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்திருந்த நோட்டீஸை என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். ‘குடியிருப்போர் அனைவரின் பாதுகாப்பையும் கருதி’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

“அனைவர்னா எல்லாரும்தானே?”

ஆமாம் என்றேன்.

“அப்போ எல்லாருக்கும் ஃபாரம் வாங்கு. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. எனக்கும் ஒண்ணு சேத்து.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். எம்.எல்.ஏ. வருகிறார் என்றதும் பதினெட்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. தண்ணீர்ப் பிரச்சினைக்காக வருகிறார் என்று பாதிப்பேர் நினைத்துவிட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தின் செகரெட்டரி வரதன் சார், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, அண்ணனுக்குச் சால்வை போட்டார். நஸ்ரீன் தூண் ஓரமாக நின்றார். அவரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு மற்றவர்கள் நின்றார்கள்.

அண்ணன் பேச்சே பேசவில்லை. சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் நோட்டீஸ் ரொம்ப நன்றாக இருக்கிறது, எல்லாருடைய பாதுகாப்பும் முக்கியம் என்றார். பிறகு வீட்டுக்கு ஒன்றாகப் படிவங்களை என்னைக் கொடுக்கச் சொன்னார். வீட்டில் தங்கியிருக்கும் ஒவ்வொருவர் பெயரும், முந்தைய முகவரியும், வேலை செய்ய வருகிறவர்களின் விவரமும் எழுத வேண்டும். ஆரம்பித்து வைப்பதற்காகத் தன் படிவத்தைத் தானே நிரப்ப உட்கார்ந்தார்.

வரதன் சார் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்களுக்கு எதுக்கு சார்? நாங்க முப்பது வருஷமா இங்கதான் இருந்துண்டிருக்கோம். எல்லாருக்கும் தெரியுமே.”

“தெரியும் சாமி” என்றார் அண்ணன், எழுதுவதை நிறுத்தாமல். “தெரிஞ்சவங்கன்னு ஃபாரத்துல கட்டம் இல்லியே.”

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. மூன்றாவது மாடிக்காரர், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஐந்து மச்சான் பையன்களையும் எழுத வேண்டுமா என்று கேட்டார். ஐந்து பேர் இருக்கிறார்களா என்று சங்கத்தின் பொருளாளர் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் ஏன் போதவில்லை என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் விளங்கியது. ஒரு அம்மா, மொட்டைமாடி அறையில் இருப்பவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டார். மொட்டைமாடியில் அறையே இல்லை என்று சங்கம் மாநகராட்சிக்கு எழுதிக்கொடுத்திருந்தது. வரதன் சார் வீட்டுச் சமையல்காரருக்கு வாசு என்பதைத் தவிர வேறு விவரம் அவருக்கே தெரியவில்லை. வாசு நேபாளி என்பதும், அவர் நிஜப் பெயர் வேறு என்பதும் வாசுவே வந்து சொல்லித்தான் தெரிந்தது.

அண்ணன் ஒருவரையும் கேலி செய்யவில்லை. எல்லாருக்கும் பொறுமையாக, இதை இங்கே எழுது, அதை அங்கே எழுது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்த மூன்றாவது மாடிக்காரர் எழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை. “சார், நாங்க கெட்டவங்க இல்ல. டிவியப் பாத்ததுல இருந்து பயமா இருக்கு. என் பொண்டாட்டி கடைத்தெருவுக்கே போக மாட்டேங்கா” என்றார்.

அண்ணன் பேனாவை மூடினார். சின்ன வயதில் தன் வீட்டுப் பக்கம் நடந்ததைச் சொன்னார். மயிலாப்பூரில் எங்கே சங்கிலி அறுத்தாலும் போலீஸ் முதலில் ஆற்றங்கரைக்குத்தான் வருமாம். இருக்கிற பையன்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷன் வாசலில் உட்கார வைக்குமாம். திருடவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்களாம்.

“திருடாதவன் எதுக்குடா கையெழுத்துப் போடணும்னு எங்கம்மா கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரில, இப்பவும் தெரில” என்றார். பிறகு அந்த ஜவுளிக்கடைக்காரரைப் பார்த்து, “பயம் வரும் நைனா, எனக்கும் வருது. பயந்தா ஸ்டேஷனுக்கு போன் பண்ணு, எனக்குப் பண்ணு. அவங்க கதவுல ஒட்டாத” என்றார்.

வரதன் சார் எழுந்து, அந்த நோட்டீஸை அவர் சொந்தமாக எழுதவில்லை என்றார். வேறொரு குடியிருப்பிலிருந்து வாட்ஸப்பில் வந்ததாம். “வீட்டு நம்பரை மட்டும் மாத்தினேன், அவ்வளவுதான்” என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நஸ்ரீனிடம் ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல், நோட்டீஸின் நகலை நான்காகக் கிழித்தார். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன் நான்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.எல்.ஏ. போலீஸ் படிவத்தைக் காட்டிக் குடும்பங்களை மிரட்டினார் என்று மறுநாளே எதிர்க்கட்சிக்காரர்கள் பேட்டி கொடுத்தார்கள். மாவட்டத்தில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். அடுத்த தேர்தலில் அந்தத் தெருவில் அண்ணனுக்கு ஓட்டுக் குறைந்தது. வேறு இடத்தில் கூடியதால் பிழைத்தார். நஸ்ரீனை அதற்குப் பிறகும் லிஃப்டில் பார்த்தால் படியில் இறங்கிப் போனவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதவர்களும் உண்டு. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று கணக்கு டீச்சரே எண்ணவில்லை.

அந்த வாரம் நான் புதிதாக ஒரு அறிக்கை எழுதினேன், கோப்பைத் திறக்காமல். இறந்தவர்களுக்காக இரண்டு வரி. ‘என் தொகுதியில் யாரும் தாங்கள் நல்லவர்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை’ என்று ஒரு வரி. எந்தப் பத்திரிகையும் போடவில்லை. அதை நான் எதிர்பார்த்ததுதான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதுவும் அல்ல. அன்று கூட்டம் கலைந்ததும் நடந்தது ஒன்று இருக்கிறது.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நஸ்ரீனோடு நானும் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தால் கூடத்தில் சமையலறையே கட்டிவைக்கப்பட்டிருந்தது. பாத்திரங்கள் ஒரு சாக்கில், மசாலா டப்பாக்கள் ஒரு பக்கெட்டில், அடுப்பு ஒரு பெட்ஷீட்டில். மகள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த நேரத்திலும், கீழே கூட்டம் நடந்த நேரத்திலும், அந்த அம்மா வாக்கரைப் பிடித்தபடியே ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டியிருக்கிறார். எங்களைப் பார்த்ததும், வேறு வீடு கிடைக்க எத்தனை நாள் ஆகும், அதுவரை திருவல்லிக்கேணியில் தங்கச்சி வீட்டில் இருந்துகொள்ளலாமா என்றுதான் கேட்டார்.

காலையிலிருந்து கலங்காத நஸ்ரீன் அப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

போக வேண்டாம் அம்மா என்று நான்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. எழுத்தில் கொடுத்தார்களா என்று கேட்டார். நான் தரையில் உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தேன். எந்தப் பாத்திரம் எந்த ஆணியில், எந்த டப்பா எந்தத் தட்டில் என்று அந்த அம்மா முதலில் தயங்கித் தயங்கியும், பிறகு அதட்டியும் சொல்ல ஆரம்பித்தார்.

கீழே காரில் காத்திருந்த அண்ணன் இரண்டு முறை போன் செய்துவிட்டு, பொறுக்காமல் மேலே வந்துவிட்டார். வாசலிலேயே நின்று கூடத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அடுப்பை பெட்ஷீட்டோடு தூக்கி மேடையில் வைத்தார். அரசியலுக்கு வருவதற்கு முன் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் தூக்கியவர். வேட்டியை மடித்துக்கட்டி, மண்டியிட்டு, ரெகுலேட்டரை மாட்டி, மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து, குழாயை இன்னொரு திருகு திருகினார். பிறகு எழுந்து ஒதுங்கி நின்று, பத்தவைங்க அம்மா என்றார்.

அடுப்பு எரிந்தது. அந்த அம்மா நெருப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பால் பாத்திரத்தை வைத்தார். டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடட்டும் என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை டப்பா எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கும்.

“ரெண்டு போடும்மா” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த அத்தனை வருடத்தில், அவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை நான் திருத்தாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான்.